மேல்வீட்டு அக்கா அடைக்காத ஓட்டை

எங்கள் மேல்வீட்டு அக்கா சாமிப்படத்துக்குக் கொளுத்திய ஊதுபத்தியைவிட யன்னல்களுக்குக் கொளுத்தியதுதான் கூட. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவர் அவருடைய கணவர். "முருகன் பாவம், அவருக்கு மிச்சம்தான் கிடைக்குது" என்பார் அண்ணை. அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். ஊதுபத்தியைக் கொளுத்தி, யன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போவார். புகை நேராக மேலே போனால் சரி. எந்த இடத்தில் வளைகிறதோ அந்த இடத்தில் காற்று வருகிறது என்று அர்த்தம். உடனே ஊதுபத்தியை வாயில் கவ்விக்கொண்டு, பஞ்சோ சீலைத்துண்டோ எடுத்து, கத்திமுனையால் அந்த இடுக்குக்குள் திணிப்பார். பிறகு மறுபடியும் புகையைப் பிடித்துப் பார்ப்பார். புகை நேராக நிற்கும்வரை அக்காவுக்கு வேறு உலகமே கிடையாது.

ஜெர்மனியின் ஹம் நகரில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பழைய நாலுமாடி வீடு அது. நாங்கள் இரண்டாம் மாடி, அவர்கள் மூன்றாம் மாடி. இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து அங்கே வந்தேன். இவருக்கு, அதாவது என் கணவருக்கு, இரும்புத் தொழிற்சாலையில் மத்தியான வேலை. பன்னிரண்டு மணிக்குப் போனால் நான் தூங்கிய பிறகுதான் வருவார். அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் காலை வேலை. மத்தியானம் வந்துவிடுவார். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு அம்மா, அண்ணைக்கு "இஞ்சரும்", மற்ற எல்லாருக்கும் அக்கா.

அக்காவின் கைப்பைக்குள் ஒட்டும் நாடா ஒரு சுருள் எப்போதும் இருக்கும். எங்கே போனாலும் அவருடைய கண் முதலில் தேடுவது யன்னல் இடுக்கைத்தான். ஒருமுறை நாங்கள் இருவரும் டுசல்டோர்ஃபுக்கு ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போனோம். ரயில் யன்னலில் மயிரளவு இடைவெளி. யாரோ விட்டுப்போன பத்திரிகையை அக்கா எட்டாக மடித்து அதற்குள் செருகினார். முன்னால் இருந்த ஜெர்மன்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். விழா மண்டபத்தில் அதைவிட மோசம். பிள்ளைக்கு ஆரத்தி எடுத்து முடிந்ததும் அங்கே கிடந்த ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு பின்கதவுப் பக்கம் போய்விட்டார். பட்டுச்சேலையோடு குந்தியிருந்து கதவின் அடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். "பெட்டை ஈரத்தலையோட இருக்கிறாள், இவை கதவை உப்பிடியே விட்டிருக்கினம்" என்று என்னிடம் குறைப்பட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"காத்துக்கு வெக்கமில்லை பிள்ளை. கொஞ்சம் இடம் குடுத்தா வந்து குந்திவிடும்" என்பது அக்கா அடிக்கடி சொல்லும் வசனம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அண்ணைதான் ஒருநாள் சொன்னார். அவர்கள் ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தை அகதிகள் தங்கும் ஒரு கட்டடத்தில் கழித்தார்களாம். அறை யன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்ததாம். கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் வைத்து ஒருபடியாகப் பிழைக்க வைத்தார்களாம். அந்தக் குழந்தைதான் இப்போது மாடிப்படியில் தடதடவென்று ஓடும் மூத்த மகள். அக்கா மட்டும் அந்த யன்னலை இன்னும் அடைத்து முடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றும்.

எங்களுக்கும் கீழே, முதல் மாடியில் இருந்த ஜெர்மன் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இதனால் ஓயாத பனிப்போர். அந்த அம்மா உறைபனி கொட்டும் நாளிலும் எல்லா யன்னலையும் விரியத் திறந்து போட்டுக்கொண்டு நிற்பார். "லுஃப்டன், லுஃப்டன்" என்று மாடிப்படியில் காண்பவர்களுக்கெல்லாம் உபதேசம். காற்று விட வேண்டும் என்று அர்த்தம். அக்கா "யா, யா" என்று தலையாட்டிவிட்டு மேலே ஏறுவார். என் வாசலுக்கு வந்ததும் நின்றுவிடுவார்.

"காசைக் குடுத்து வீட்டைச் சூடாக்கிப்போட்டு யன்னலைத் திறக்கிறதோ? உவைக்கு என்ன விசரோ?"

ஆனால் அந்த அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கா குளியலறையில் காற்றுப் போகும் கம்பித் துவாரத்தையும் துணி வைத்து அடைத்துவிட்டார். அடுத்த பனிக்காலத்தில் சுவர் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. வீட்டுச் சொந்தக்காரர் வந்து துணியை இழுத்தெடுத்துக் கத்திவிட்டுப் போனார். அவர் கார் திரும்பி மறையுமுன்பே அக்கா கொஞ்சம் சின்னத் துணியாகப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனுஷி, தன் குசினிச் சுவரில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு ஒரு ஓட்டையை வாயைப் பிளந்தபடி விட்டு வைத்திருந்தார்.

அது அந்தக் காலத்து நிலக்கரி அடுப்பின் புகைக்குழாய் போன ஓட்டை. ஒவ்வொரு மாடிக் குசினியிலும் ஒன்று இருந்தது. எல்லாம் சுவருக்குள்ளே ஓடிய ஒரே புகைபோக்கியில் போய்ச் சேரும். அடுப்புகளை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஓட்டையை ஒரு தகரமூடியால் மூடி, மேலே சுவர்க்கடதாசியும் ஒட்டிவிட்டார்கள். என் குசினியில் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு முதலில் தெரியாது. அதற்கு மேல் கடைக்காரர் தந்த நாட்காட்டி தொங்கியது.

வந்த புதிதில் ஒரு பின்னேரம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சுவர் பேசியது.

"கறிவேப்பிலையும் முடிஞ்சுது. இனி வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுக்க வேணும்."

தமிழில், அதுவும் எங்கள் ஊர்த் தமிழில். கை அப்படியே நின்றுவிட்டது. தனியே இருந்து இருந்து எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். இவரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் சுவர் இன்னும் தெளிவாகப் பேசியது.

"கீழ்வீட்டுப் பிள்ளை! உன்னைத்தான். உன்னட்டைத் தேங்காய்ப்பால் இருக்கே?"

நாட்காட்டியைத் தூக்கினேன். துருப்பிடித்த மூடி ஒருபக்கம் விலகியிருந்தது. அதை இழுத்ததும் கரியும் குளிருமாக ஒரு வாசம் வந்தது. கூடவே, வெங்காயம் பொரியும் மணம்.

"இருக்கு அக்கா" என்றேன் அந்த இருட்டைப் பார்த்து.

"அப்ப கொண்டு வா. வரேக்க காலுக்குச் சப்பாத்துப் போடு, படி குளிரும்."

அன்றிலிருந்து அது எங்கள் வழியாகிவிட்டது. நான் கீழே சமைப்பேன், அவர் மேலே சமைப்பார். அக்கா தனக்குத்தானே பேசுவதுபோல எல்லாவற்றையும் பேசுவார். இல்லத்தில் ஒரு கிழவர் உடுப்பை மாற்றிப் போட்டுவிட்டார் என்று சண்டை பிடித்தது, மகளுக்குக் கணக்கு ஏறாதது, அண்ணை வாங்கி வந்த மீன் நாறியது. இடைக்கிடை எனக்கு உத்தரவு வரும். "வெந்தயத்தைக் கருக விடாதை, மணக்குது." "உப்புப் போட்டனியே?" "போட்டாச்சு அக்கா." "அப்ப புளியை விடு." நான் எந்தக் கறி வைத்தாலும் இந்த மூன்று வசனமும் கட்டாயம் நடக்கும். எனக்கு உப்புப் போடத் தெரியாதா என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு பிறகு, அவர் கேட்கும்வரை உப்புப் போடாமலே காத்திருக்கத் தொடங்கினேன்.

எனக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். "கதை முடிஞ்சா மூடியைப் போடு, காத்து வரும்." நானும் போட்டுவிடுவேன். ஆனால் அவருடைய பக்கத்தில் மூடியே கிடையாது. அது குளிர்பெட்டிக்கு மேலே வெங்காயம் போட்டு வைக்கும் தட்டாகியிருந்தது. நான் விடுவேனா?

"அக்கா, உங்கட கண்ணுக்கு இந்த ஓட்டை மட்டும் தெரியேல்லையோ?"

"அது காத்து வாற ஓட்டை இல்லை. போற ஓட்டை" என்பார். அவ்வளவுதான். ஆனால் நான் அவர் குசினியில் அந்தப் பக்கமாக நிற்கும்போது பிடரியில் சில்லென்று குளிர்வதை நன்றாக உணர்ந்திருக்கிறேன்.

இப்படி இரண்டு மூன்று பனிக்காலம் போனது. ஒரு சனிக்கிழமை காலை. அக்கா வீட்டில் இடியப்பம். நானும் மேலே போய்ச் சொதிக்குப் பால் பிழிந்துகொண்டிருந்தேன். தட்டில் இடியப்பம் ஆவி பறக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. சுவருக்குள் ஏதோ உருண்டு வரும் சத்தம் கேட்டது. "ரயிலாக்கும்" என்றார் அக்கா. அடுத்த கணம் அந்த ஓட்டையிலிருந்து குபீரென்று கரி பாய்ந்தது. இடியப்பம், சொதி, அக்காவின் நெற்றி, என் சட்டை எல்லாம் ஒரே கறுப்பு. அக்கா இருமிக்கொண்டே என்னைத்தான் முதலில் இழுத்து வெளியே தள்ளினார்.

விஷயம் என்னவென்றால், புகைபோக்கி துடைப்பவர் வரப்போகிறார், எல்லாரும் வீட்டில் இருங்கள் என்று வெளிக்கதவில் ஒரு அறிவித்தல் ஒரு கிழமையாகத் தொங்கியிருக்கிறது. வாசலில் ஜெர்மனில் எது தொங்கினாலும் அது கீழ்வீட்டு அம்மா எழுதிய லுஃப்டன் உபதேசம்தான் என்று நாங்கள் இருவரும் திரும்பியும் பார்ப்பதில்லை. அந்த ஆள் கூரையில் ஏறி, குண்டு கட்டிய துடைப்பத்தை உள்ளே இறக்கியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் அழைப்புமணி அடித்தது. தலை முதல் கால் வரை கறுப்பு உடுப்பில், பொன்னிறப் பொத்தான்களோடு ஒரு இளம் ஆள் நின்றார். அவரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது இங்கத்தைய நம்பிக்கை. எங்கள் ஜெர்மன் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அதை அக்காவின் காதில் சொன்னேன்.

"தொட்டா கரிதான் வரும். அது எனக்கு ஏற்கெனவே வந்திட்டுது" என்றார் அக்கா.

அவர் குசினிக்குள் வந்து ஓட்டையைப் பார்த்தார். பிறகு குசினியைச் சுற்றிப் பார்த்தார். யன்னலைச் சுற்றி நாடா. சாவித் துவாரத்தில் பஞ்சு. கதவின் அடியில் சீலையைச் சுருட்டித் தைத்த பாம்பு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எறும்பு நுழையவும் இங்கே இடமில்லை, இவ்வளவு பெரிய ஓட்டையை மட்டும் ஏன் அடைக்கவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். அண்ணை வேலையில் இருந்தார், பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். நான்தான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

அக்கா அடுப்பிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவருக்குச் சொல்லு. நீ வந்த முதல் மாரி. உந்த ஓட்டையையும் அடைக்கத்தான் பழஞ்சீலையைக் கிழிச்சு வைச்சிருந்தனான். ஊதுபத்தியைப் பிடிச்சா புகை உள்ளுக்க போச்சு. என்னெண்டு பாப்பம் எண்டு கிட்டப் போனா, நீ அழுறாய். அம்மா அம்மா எண்டு அழுறாய். அடுத்த நாளும் அழுறாய். சீலை கையில இருக்கு. எப்பிடிப் பிள்ளை அடைக்கிறது?"

நான் அழுதது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இவர் வரும்போது முகம் கழுவிப் பொட்டு வைத்திருப்பேன். அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது சிரித்துச் சிரித்துப் பேசுவேன். அரிசி களையும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டி ஒருத்தர் மேலே நின்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, ஏன் அழுகிறாய் என்று ஒருநாளும் கேட்காமல், கறிவேப்பிலை முடிந்ததைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்.

கறுப்பு உடுப்புக்காரர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். இதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். என் வகுப்பு ஜெர்மன் கடையில் மாவும் சீனியும் வாங்கத்தான் காணும்.

"நான் அழுகிறேன்" என்றேன். "இவர் கேட்கிறார். அதனால் திறந்திருக்கிறது."

அவர் தொப்பியைக் கழற்றினார். என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக, சின்னச் சின்னச் சொற்களாகத் தேடிச் சொன்னார். நிலவறையில் வீட்டுக்காரர் புதிதாக எரிவாயுக் கொதிகலன் வைக்கப் போகிறார். அதன் புகை இனி இந்த வழியாகத்தான் மேலே போகும். அந்தப் புகைக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. வீட்டுக்குள் வந்தால் தெரியாது. இரண்டு கையையும் கன்னத்தில் சேர்த்து வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். தூங்கியவர் எழும்ப மாட்டார் என்று தலையை அசைத்தார். எல்லா ஓட்டையையும் கல் வைத்துக் கட்டிப் பூச வேண்டும், மூடி போதாது.

நான் அதைத் தமிழில் சொல்ல வாய் திறந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்ப அடைக்கத்தான் வேணும்" என்றார். "முதல்ல உன்ர வீட்டை அடைக்கச் சொல்லு."

மேசன் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. இடையில் ஒரு ஞாயிறு. அன்று பின்னேரம் இவர் வீட்டில் இருந்தும் நான் குசினியை விட்டு அசையவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். வாய் ஓயாத அக்காவுக்கு அன்று ஒரு கதையும் வரவில்லை. மேலே அகப்பை சட்டியில் முட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கனநேரத்துக்குப் பிறகு, வழக்கமான அந்தக் குரல்.

"உப்புப் போட்டனியே?"

போட்டாச்சு என்று ஒரு சொல். அது வரவில்லை. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஆனால் அவரும் அங்கேயே நின்றார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

மேசன் வந்து, கல் வைத்து, சாந்து பூசி, வேலையை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டான். அக்கா வேலையால் வந்த கையோடு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வந்தார். ஈரம் காயாத அந்த வட்டத்தைச் சுற்றிப் புகையைப் பிடித்தார். புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. "நல்லா அடைச்சிருக்கிறான்" என்றார். இவ்வளவு திருத்தமான அடைப்பைப் பார்த்து அக்கா சந்தோஷப்படாத நாள் அது ஒன்றுதான்.

பிறகும் வந்தார், போனார். ஆனால் படி ஏறி இறங்கிப் பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணமில்லாத கதைகள்தான் எனக்கு வேண்டியிருந்தன. இரண்டு வருஷம் கழித்து, ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்ததும், பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று அவர்கள் லண்டனுக்குப் போய்விட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள். போகும் அன்று அக்கா என் யன்னல்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நாடாச் சுருளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் இரண்டு பேரும் விட்டிருக்க மாட்டோம்.

மேல்வீட்டுக்கு ஒரு ஜெர்மன் சோடி வந்தது. நல்ல பிள்ளைகள், சத்தமே இல்லை. எனக்கு அந்தச் சத்தமில்லாததுதான் தாங்க முடியாமல் இருந்தது. அதற்குள் என் ஜெர்மன் தேறிவிட்டது, வேலையும் கிடைத்தது, அழுவதற்கு நேரமும் இல்லை. ஆனாலும் குழம்பு கொதிக்கும்போது உப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வட்டத்தைப் பார்ப்பேன். மேலே வெள்ளை பூசியும் அதன் தழும்பு தெரிந்தது. அக்கா, அக்கா என்று மனது கிடந்து அடிக்கும்.

முதலில் கிழமைக்கு ஒரு தொலைபேசி, பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு தைப்பொங்கலுக்கும் வருஷப்பிறப்புக்கும் என்று குறைந்தது. ஒரு பொங்கலன்று அண்ணை எடுத்தார். வாழ்த்துச் சொல்லி முடித்ததும் புறுபுறுக்கத் தொடங்கினார்.

"இஞ்சத்தைப் பழைய வீட்டிலயும் சுவரில புகைக்கூடு இருக்கு. அடுப்பை எடுத்துப்போட்டு, கம்பி போட்ட சின்ன ஓட்டை ஒண்டு விட்டிருக்கினம். வீடு முழுக்க அடைச்சுப்போட்டா உவ. உந்த ஓட்டையை மட்டும் விடுறா. அதுக்கு முன்னால குந்தியிருந்து மரக்கறி வெட்டுறா. நான் கண்டனான், அதுக்குள்ள கதைக்கிறா."

பின்னால் அக்காவின் அதட்டல் கேட்டது. தொலைபேசி கை மாறியது.

"அவருக்கு விசர். அது திறந்துதான் இருக்க வேணுமாம் பிள்ளை. இல்லாட்டிச் சுவர் ஈரிக்குமாம். அதுதான் விட்டனான்." குரலைத் தாழ்த்தினார். "ஒருக்காக் கூப்பிட்டுப் பாத்தன்தான். பொய் சொல்லுவானேன். ஒருத்தரும் இல்லை."

எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது.

"அக்கா, போனை ஸ்பீக்கரில போடுங்கோ. கொண்டுபோய் அந்தக் கம்பிக்குக் கிட்ட வையுங்கோ."

"ஏனடி?"

"வையுங்கோவன்."

கதிரை இழுபட்டது. அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தும் முனகல் கேட்டது. பிறகு கம்பியில் போன் முட்டும் சத்தம்.

நான் என் குசினிக்குப் போனேன். அந்தத் தழும்புக்கு நேரே நின்றுகொண்டு சொன்னேன்.

"அக்கா, உப்புப் போட்டாச்சு."

ஓட்டையை அடைக்குமுன் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே மூச்சு மட்டும் வந்தது. நான் காத்திருந்தேன். பிறகு தூரத்திலிருந்து, குழாய்க்குள்ளால் வருவதுபோல, அக்காவின் குரல் வந்தது.

"அப்ப புளியை விடு, பிள்ளை."